2010-இல் வந்த எஸ்எம்எஸ் 2016 என்று தேதி காட்டியது ஏன்?

2010 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை. புத்தாண்டு வாழ்த்துகள் வந்து குவிந்த அன்று, விண்டோஸ் மொபைல் 6 வரிசை மென்பொருள் ஓடிய போன்கள் பலவற்றில் எஸ்எம்எஸ்கள் 2016 என்று தேதி காட்டின. நாள் சரி, மாதம் சரி, மணியும் நிமிடமும் சரி. வருடத்தில் மட்டும் ஆறு கூடியிருந்தது. போனின் சொந்தக் கடிகாரம் 2010 என்றே ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வரை வந்த செய்திகளில் ஒரு குறையும் இல்லை. 2016 ஜனவரி 1-உம் வெள்ளிக்கிழமையாகவே அமைந்ததால், கிழமையை மட்டும் பார்த்தவர் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாது.

தேதி தவறியதைவிட வரிசை குலைந்ததுதான் பெரிய தொல்லை. வந்த செய்தியின் தேதி 2016. அதற்கு அனுப்பிய பதிலின் தேதி, போன் கடிகாரப்படி, 2010. செயலி தேதி பார்த்து அடுக்கும்போது கேள்விகள் எல்லாம் ஒரு கோடியிலும் பதில்கள் எல்லாம் இன்னொரு கோடியிலும் போய் நிற்கும். காலையில் கேட்டதற்கு மாலையில் சொன்ன பதிலை ஆறு வருட இடைவெளியில் தேட வேண்டும்.

அந்தப் போன்கள் இன்று பெரும்பாலும் யார் கையிலும் இல்லை. ஆனால் "மெசேஜ் டைம் தப்பாகக் காட்டுகிறது", "பதில் மேலே போய் கேள்வி கீழே வருகிறது" என்ற புகார் இன்றும் ஓயவில்லை. அதன் வேர் அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த நிகழ்வைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

முத்திரை குத்துவது யார்?

எஸ்எம்எஸ் அனுப்பும் பொத்தானை அழுத்திய நேரம் அந்தச் செய்தியோடு பயணிப்பதில்லை. பலருக்கு இது புதிதாக இருக்கும். அனுப்புபவரின் போனிலிருந்து கிளம்பும் பொதியில் பெறுபவரின் எண் உண்டு, செய்தி உண்டு, எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்ற கெடுவும் இருக்கலாம். அனுப்பிய நேரத்துக்கென்று ஓர் இடமே கிடையாது. பொதி முதலில் போவது நெட்வொர்க் நிறுவனத்தின் எஸ்எம்எஸ் மையத்துக்கு. அந்த மையம்தான் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் பதிக்கிறது.

தபால் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய இன்லண்ட் கடிதத்தில் அனுப்பிய ஊரின் முத்திரையும் சேர்ந்த ஊரின் முத்திரையும் இருக்கும். இரண்டையும் வைத்துக் கடிதம் எத்தனை நாள் வழியில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். எஸ்எம்எஸ்ஸில் வருவது ஒரே முத்திரை. சேர்ந்த நேரத்தை உங்கள் போன் தன் கணக்கில் தனியாகக் குறித்துக்கொள்கிறது.

இந்தியாவில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் சாதாரணச் செய்தியில், முத்திரை குத்துவது பொதுவாக அனுப்புபவரின் நிறுவன மையம். சிங்கப்பூர் சிம்மிலிருந்து வரும் செய்தியில் சிங்கப்பூர் மையத்தின் உள்ளூர் நேரம் இருக்கும். அந்த சிம்காரர் மதுரையில் ரோமிங்கில் உட்கார்ந்து அனுப்பினாலும் அப்படித்தான்.

ஏழு பைட்டுகள்

முத்திரை மொத்தம் ஏழு பைட். வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, நேர மண்டலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். 2010 ஜனவரி 1, இந்திய நேரம் காலை 9:30 என்பது இப்படி வரும்:

01 10 10 90 03 00 22

ஒவ்வொரு ஜோடியும் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. 01 என்பதைத் திருப்பினால் 10, அதாவது 2010. அடுத்த 10 திரும்பினால் 01, ஜனவரி. அதற்கடுத்ததும் 01, முதல் தேதி. 90 என்பது 09 மணி, 03 என்பது 30 நிமிடம், 00 நொடி. கடைசி 22 திருப்பினாலும் 22; இது உலகப் பொது நேரமான கிரீன்விச் நேரத்தைவிட எவ்வளவு முந்தி என்று சொல்லும் கால்மணி நேரக் கணக்கு. 22 கால்மணி என்பது 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். இந்தியாவும் இலங்கையும் பயன்படுத்தும் மண்டலம் இதுதான். நேபாளத்துக்கு 23 (ஐந்தே முக்கால் மணி), சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் 32 (எட்டு மணி). கிரீன்விச்சுக்குப் பின்தங்கிய நாடுகளுக்கு அதே பைட்டில் ஒரு பிட் கழித்தல் குறியாக நிற்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு பைட்டிலும் இருப்பது இரண்டு தனித்தனி தசம இலக்கங்கள். முதல் இலக்கத்தைப் பத்தால் பெருக்கி இரண்டாவதைக் கூட்ட வேண்டும். கணினியோ ஒரு பைட்டைத் தன் இயல்பில் படித்தால் முதல் இலக்கத்தைப் பதினாறால் பெருக்கும். 10 என்று எழுதியிருப்பது அதற்குப் பதினாறு.

2016 பிறந்தது இங்கேதான். அந்த மென்பொருள் வருடத்தைத் தசம இலக்கமாகப் பிரிக்காமல் நேராக எண்ணாகப் படித்தது. 2000 முதல் 2009 வரை முதல் இலக்கம் பூஜ்யம். பூஜ்யத்தைப் பத்தால் பெருக்கினாலும் பதினாறால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். பத்து வருடம் தவறு வெளியே தெரிய வழியே இல்லை. நாளையும் மாதத்தையும் அதே முறையில் படித்திருந்தால் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதியே குட்டு உடைந்திருக்கும். அவை எப்போதும் சரியாக இருந்ததிலிருந்தே, பிசகு வருடத்தைப் படிக்கும் ஒரு வரியில் மட்டும் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். திருத்தாத போன் ஒன்றை 2025-இல் இயக்கியிருந்தால் 25 என்பதை 37 என்று படித்து 2037 காட்டும். பத்தாண்டுக்கு ஆறு என்று பிழை வளர்ந்துகொண்டே போகும்.

அதே நாளில் ஆஸ்திரேலியாவில் பேங்க் ஆஃப் குயின்ஸ்லாந்தின் கார்டு தேய்க்கும் இயந்திரங்களும் 2016-க்குத் தாவின. ஜெர்மனியில் சுமார் 3 கோடி வங்கி அட்டைகள் 2010 என்ற வருடத்தைக் கையாள முடியாமல் தடுமாறின.

இரண்டு கடிகாரம், ஒரே பட்டியல்

2016 பிழையின் மூலம் ஒரு வரி நிரல். ஆனால் வரிசை குலைந்ததற்குக் காரணம் அந்த வரி மட்டுமல்ல. வந்த செய்திக்கு மையத்தின் கடிகாரம், போன செய்திக்குப் போனின் கடிகாரம். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு அடுக்கியதுதான் மூல வினை. இரு கடிகாரமும் ஒத்துப்போகும்வரை யாருக்கும் தெரியாது. ஒன்று இரண்டு நிமிடம் பிசகினாலே, உடனுக்குடன் பதில் போடும் உரையாடல் தலைகீழாகிவிடும்.

ஆண்ட்ராய்டு இதை இரண்டு எண்களாகச் சேமிக்கிறது. 'டேட்' என்பதில் போன் செய்தியைப் பெற்ற நேரம், 'டேட் சென்ட்' என்பதில் மையத்தின் முத்திரை. எதை வைத்து அடுக்குவது என்பது செயலியின் முடிவு. பெற்ற நேரத்தை வைத்து அடுக்கும் செயலியில், இரவு முழுக்க அணைத்து வைத்த போனைக் காலை 7:02-க்குத் திறந்தால் எல்லாச் செய்தியும் 7:02 என்றே காட்டும். இது கோளாறு அல்ல. முத்திரையை வைத்து அடுக்கும் செயலியில் நேரம் சரியாக இருக்கும், ஆனால் தாமதமாக வந்த செய்தி பழையவற்றுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ளும். புதிதாக ஒன்று வந்ததே கண்ணில் படாமல் போகலாம். நம் கருத்தில் அன்றாட உரையாடலுக்குப் பெற்ற நேரமே பாதுகாப்பு. முத்திரை நேரம் வேண்டியபோது விவரத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு பிசகு என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்

செட்டிங்ஸில் கைவைக்கும் முன் ஒரு செய்தியை எடுத்து, உண்மையில் அனுப்பிய நேரத்துக்கும் திரையில் தெரிவதற்கும் உள்ள வித்தியாசத்தை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். பெரும்பாலும் அந்த எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரியாக ஐந்தரை மணி நேரம் முந்திக் காட்டினால், மையம் இந்திய நேரத்தை எழுதிவிட்டு மண்டல பைட்டில் 00 போட்டிருக்கிறது; போன் அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்து ஐந்தரையைக் கூட்டுகிறது. பகல் 3 மணிச் செய்தி இரவு 8:30 என்று வரும். ஐந்தரை மணி பின்தங்கினால் நேர்மாறு: கிரீன்விச் நேரத்தை எழுதி இந்திய மண்டலத்தைப் போட்டிருக்கிறார்கள், அல்லது செயலி மாற்றாமலே காட்டுகிறது. வங்கி, கூரியர் போன்றவை அனுப்பும் மொத்தச் செய்திகளில் மட்டும் இப்படி வந்தால் பிழை போனில் இல்லை.

அரை மணி நேரம் முந்தினால் செயலியின் கணக்கைப் பார்க்க வேண்டும். 22 கால்மணியை நான்கால் வகுத்து, வரும் ஐந்தரையில் அரையை உதிர்த்துவிட்டு ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தப் பிசகு வரும். உறுதிசெய்ய எளிய வழி உண்டு: சிங்கப்பூர், மலேசிய எண்களிலிருந்து வரும் செய்தி சரியாக இருக்கும், ஏனென்றால் 32 நான்கால் மீதியின்றி வகுபடும், இந்தியச் செய்திகள் மட்டும் அரை மணி தள்ளி நிற்கும்.

இந்தியச் செய்திகள் எல்லாம் சரி, வெளிநாட்டிலிருந்து வருபவை மட்டும் தவறு என்றால் மண்டல பைட்டை யாரோ கண்டுகொள்ளவில்லை. சிங்கப்பூரில் அண்ணன் அங்கே இரவு 8:00-க்கு, அதாவது இங்கே மாலை 5:30-க்கு, "வீட்டுக்குப் போயிட்டியா?" என்று அனுப்புகிறார். நீங்கள் 5:32-க்கு "வந்துட்டேன்ணே" என்று பதில் போடுகிறீர்கள். பைட்டைக் கவனிக்காத செயலி அவர் செய்தியை 8:00 என்றே வைத்துக்கொள்ளும். உங்கள் பதில் மேலேயும் அவர் கேள்வி கீழேயும் நிற்கும். துபாய் எண்ணாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் பின்தங்கும்.

பதினைந்து நிமிடப் பிசகு நேபாளத்தை ஒட்டிய பீகார், உத்தரப் பிரதேச எல்லையோரங்களில் வரலாம். நேபாள டவர் சொன்ன மண்டலத்தைப் போன் பிடித்துக்கொண்டிருக்கும். தனுஷ்கோடியில் இலங்கை டவரைப் பிடித்தாலும் இந்தச் சிக்கல் இல்லை, இரு கரைக்கும் நேரம் ஒன்றுதான். ஆனால் 2006 ஏப்ரலில்தான் இலங்கை ஐந்தரை மணிக்குத் திரும்பியது. அதற்கு முந்தைய மண்டலப் பட்டியலை வைத்திருக்கும் பழைய கருவி இலங்கை நேரத்தை அரை மணி முந்திக் காட்டும்.

1970 ஜனவரி என்று வந்தால் அது நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடந்த குழப்பம். ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் நேரம் மில்லிநொடியில், 13 இலக்கம். எம்எம்எஸ் நேரம் நொடியில், 10 இலக்கம். இரண்டுமே 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணுபவை. 170 கோடி நொடி என்பது கிரீன்விச் நேரப்படி 2023 நவம்பர் 14. அதையே மில்லிநொடி என்று படித்தால் 1970 ஜனவரி 20. படம் இணைத்த செய்திகளும் குழுச் செய்திகளும் மட்டும் பட்டியலின் அடியாழத்துக்குப் போய்விட்டால் இதுதான்.

இரண்டு, ஏழு, பதினொன்று என்று ஒழுங்கில்லாத நிமிடங்கள் என்றால் உங்கள் போன் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். வந்த செய்திகள் சரியாகவும் நீங்கள் அனுப்பியவை மட்டும் தள்ளியும் தெரிந்தால் செயலி முத்திரையைப் பயன்படுத்துகிறது, போன் கடிகாரம் பிசகியிருக்கிறது. இரண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தால் வரிசை கெடாது.

மூன்று சோதனைகள்

முதலில் சிம்மை வேறொரு போனில் போட்டு, அதே ஆளை அனுப்பச் சொல்லுங்கள். தவறு சிம்மோடு போனால் நெட்வொர்க். பழைய போனிலேயே தங்கினால் போன் அல்லது செயலி. 2010 நிகழ்வையும் இப்படியே பிரித்தறியலாம்: முத்திரையே தவறாக இருந்திருந்தால் அந்த மையத்தின் செய்தி எந்தப் போனுக்குப் போனாலும் தேதி பிசகியிருக்க வேண்டும்.

அடுத்து, வெவ்வேறு நிறுவனங்களின் எண்கள் இரண்டு மூன்றிலிருந்து ஒரே நிமிடத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்துச் செய்தி மட்டும் பிசகினால் அந்த மையத்தின் கடிகாரம்.

மூன்றாவது, செயலி எதை வைத்து அடுக்குகிறது என்று காட்டும் சோதனை. போனை ஏரோப்ளேன் மோடில் பத்து நிமிடம் வையுங்கள். அந்நேரத்தில் ஒருவர் 1, 2, 3 என்று எண்ணிட்டு ஒரு நிமிட இடைவெளியில் மூன்று செய்தி அனுப்பட்டும். மோடை எடுத்ததும் வருபவற்றின் நேரத்தைப் பாருங்கள். மூன்றும் ஒரே நிமிடம் காட்டினால் பெற்ற நேரம். ஒரு நிமிட இடைவெளி தெரிந்தால் முத்திரை. கூகுள் மெசேஜஸில் செய்தியை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளி மெனுவில் 'வியூ டீடெய்ல்ஸ்' போனால் அனுப்பிய, பெற்ற நேரங்கள் இரண்டும் தெரியும். ஐபோனில் உரையாடலை இடப்பக்கம் இழுத்தால் ஒவ்வொன்றின் நேரமும் வரும். இந்தச் சோதனையை எஸ்எம்எஸ்ஸில்தான் செய்ய வேண்டும். ஐபோன்களுக்கு இடையே போகும் ஐமெசேஜ், எஸ்எம்எஸ்ஸின் புதிய வடிவமான ஆர்சிஎஸ் இரண்டும் டேட்டா வழி போகும், அவற்றுக்கு இந்த ஏழு பைட் கிடையாது. ஒரே உரையாடலில் பாதி டேட்டா வழியும் பாதி எஸ்எம்எஸ்ஸாகவும் போனால் பின்னால் அனுப்பியது முன்னால் வருவது இயல்பு.

நேரம் சரி, வரிசை மட்டும் தவறு

அனுப்பிய வரிசையில்தான் சேரும் என்ற உத்தரவாதம் எஸ்எம்எஸ்ஸில் கிடையாது. போன் கிடைக்காவிட்டால் மையம் செய்தியைத் தேக்கிவைத்து இடைவெளி விட்டு மீண்டும் முயலும். முதல் செய்தி காத்திருக்கும்போது இரண்டாவது முந்திவிடலாம். ஓடிபி இரண்டு முறை கேட்டவர்களுக்கு இது தெரியும்: கடைசியாக வந்ததுதான் கடைசியாகக் கேட்டது என்பதில்லை. செய்திக்குள் எழுதியிருக்கும் தொகை, நேரம் அல்லது குறிப்பு எண்ணைப் பார்த்து எடுங்கள், பட்டியலில் அது நிற்கும் இடத்தைப் பார்த்து அல்ல.

தமிழில் நீளமாக எழுதுபவர்களுக்கு இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து; தமிழில் 70 குறியீடு. கண்ணுக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் 'வணக்கம்', இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடு. 70 தாண்டினால் துண்டாகும், அப்போது துண்டுக்கு 67 மட்டுமே. 200 குறியீட்டுச் செய்தி மூன்று துண்டாக, மூன்று தனி முத்திரையோடு போகும். ஒன்று தாமதித்தால் பல போன்கள் மூன்றும் சேரும்வரை எதையும் காட்டாது. இடையில் வந்த சின்ன "சரி" மேலே நின்றுவிடும். நேர முக்கியமான சேதியைத் தமிழில் 70-க்குள் முடிப்பது நல்லது.

முத்திரையும் ஏமாற்றும் இடம்

2019 நவம்பர் 7-இல் அமெரிக்காவில் பலருக்குச் சம்பந்தமில்லாத எஸ்எம்எஸ்கள் வந்தன. எல்லாம் அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று அனுப்பப்பட்டு, சேராமல் போனவை. நெட்வொர்க் நிறுவனங்களுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் சினிவர்ஸ் நிறுவனத்தின் சர்வர் ஒன்று அன்று முடங்கி, நவம்பரில் மீண்டும் உயிர்பெற்றபோது தேங்கிக் கிடந்த 1,68,149 செய்திகள் வெளியேறின. இடையில் இறந்துபோனவர்களிடமிருந்து செய்தி பெற்றவர்களும் உண்டு. அந்தத் துயரத்தை எந்தத் தொழில்நுட்ப விளக்கமும் ஆற்றாது.

சரியாக 38 வாரம் தாமதமான செய்தி, ஏதோ இப்போதுதான் அனுப்பியதுபோல வந்து நின்றது. அங்கே நிறுவனம் விட்டு நிறுவனம் போகும் செய்தி இப்படிப்பட்ட இடைத்தரகர் வழியே போய், பெறுபவரின் நிறுவன மையத்தில் முத்திரை பெறுகிறது. பிப்ரவரி என்ற தகவல் பெற்றவரின் போனை எட்ட வழியே இல்லை. அது இருந்த ஒரே இடம் அனுப்பியவரின் போன். சந்தேகத்துக்குரிய செய்தி என்றால் அவர் போனில் உள்ள நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முன்கூட்டியே தடயம் வேண்டுமென்றால், அனுப்புபவர் டெலிவரி ரிப்போர்ட்டை இயக்கிவைக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் மையம் செய்தியைப் பெற்ற நேரமும் சேர்ப்பித்த நேரமும் இரண்டும் இருக்கும். பழைய தபாலின் இரட்டை முத்திரை இங்கே கிடைத்துவிடுகிறது. நெட்வொர்க் நிறுவனத்தின் புகார் எண்ணான 198-இல் புகார் பதியும்போது இரு எண்கள், அனுப்பிய நேரம், காட்டிய நேரம், சேர்ப்பித்த நேரம், வேறு போனில் போட்டுப் பார்த்த முடிவு ஆகியவற்றைச் சொல்லுங்கள். "டைம் தப்பு" என்று மட்டும் சொன்னால் போனை அணைத்துப் போடுங்கள் என்பதற்கு மேல் பதில் வராது.

சரிசெய்தல்

ஆண்ட்ராய்டில் சிஸ்டம், டேட் அண்ட் டைம் போய் நேரம், மண்டலம் இரண்டையும் தானியங்கியில் வையுங்கள். இரண்டு சிம்மில் ஒன்று தவறான மண்டலம் கொடுத்துக் கடிகாரம் தாவினால், மண்டலத்தின் தானியங்கியை மட்டும் அணைத்துக் கொல்கத்தா நேரத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் ஜெனரல், டேட் அண்ட் டைம், செட் ஆட்டோமேட்டிக்கலி. செயலியில்தான் பிழை என்று தெரிந்தால் வேறொரு எஸ்எம்எஸ் செயலியை இயல்பாக்கிப் பாருங்கள். சேமித்த எஸ்எம்எஸ்கள் ஆண்ட்ராய்டின் பொதுக் கிடங்கில் இருப்பதால் அங்கேயும் தெரியும்.

பிசகை ஈடுகட்டப் போன் கடிகாரத்தைக் கையால் முன்னும் பின்னும் தள்ளாதீர்கள். அந்நேரம் அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் அந்தத் தவறான நேரத்தோடு நிரந்தரமாகப் பதிந்துவிடும். பழைய செய்திகளை சிம்முக்கு நகலெடுக்கவும் வேண்டாம். அனுப்பிய செய்தியின் வடிவத்தில் நேரத்துக்கு இடமில்லாததால், சிம்முக்குப் போனதும் அவை தேதியை இழக்கும்.

கடிகாரத்தைத் திருத்தினாலும் ஏற்கெனவே தவறாகப் பதிந்தவை தாமாக மாறாது. முக்கியமானவை என்றால் எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கும் பேக்கப் செயலியால் நகல் எடுங்கள். கோப்பில் வகை 1 என்பது வந்தவை, வகை 2 அனுப்பியவை. ஐந்தரை மணி முந்தியிருந்தால் வந்தவற்றின் 'டேட் சென்ட்' எண்ணிலிருந்து 1,98,00,000-ஐ (ஐந்தரை மணி நேரம், மில்லிநொடியில்) கழியுங்கள். மண்டல பைட் புறக்கணிக்கப்பட்ட சிங்கப்பூர்ச் செய்திகளுக்கு 90,00,000. செயலி 'டேட்' எண்ணிலும் முத்திரையையே எழுதியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். திருத்தாத நகல் ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, போனில் அந்த உரையாடலை அழித்த பிறகே மீட்டெடுங்கள். மீட்கும் செயலிகள் நேரத்தை ஒப்பிட்டுத்தான் இரட்டிப்பைக் கண்டுபிடிக்கும். அழிக்காமல் மீட்டால் ஒவ்வொரு செய்தியும் பழைய நேரத்தில் ஒன்றும் புதிய நேரத்தில் ஒன்றுமாக இரண்டு நிற்கும். மீட்டு முடிந்ததும் வழக்கமான எஸ்எம்எஸ் செயலியை மறுபடி இயல்பாக்குங்கள், இல்லாவிட்டால் புதிய செய்திகள் பேக்கப் செயலியின் கைக்கே போகும்.